ஒட்டி மூடிய பக்கம்

டம்ளர் சுவரில் மோதி, உருண்டு, அடுப்பு மேடைக்கு அடியில் போய் நின்றது. தண்ணீர் என் காலெல்லாம் வழிந்தது.

தட்டிவிட்டது அப்பா.

எழுபத்து நான்கு வயதில், குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டிராத அப்பா. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடம் தானே ‘ஸாரி’ சொல்லும் அப்பா. தட்டிய கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது.

“குடிச்சாளா?”

“என்னப்பா இது! கொழந்தைக்குன்னு கலக்கின தண்ணி...”

“குடிச்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு!”

“இல்ல. இப்பத்தான் ஸ்பூனையே எடுத்தேன்.”

அப்பா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் இடுப்பில் என் மகள். ஒன்றேகால் வயது. உருண்டை என்றுதான் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவோம். அன்றைக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. விடிந்ததிலிருந்து ஏழு முறை வயிற்றால் போய், இரண்டு முறை வாந்தி எடுத்து, பிழிந்து போட்ட துணி மாதிரி என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். திரும்ப இன்னும் இரண்டு நாள்.

“எதைப் பார்த்துக் கலக்கின?” என்றார் அப்பா.

“அம்மா நோட்டு.”

“எந்தப் பக்கம்?”

மேடையில் விரிந்து கிடந்ததைக் காட்டினேன். “ரெண்டு பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தது. கத்தி விட்டுப் பிரிச்சேன், மேல் பாதி மட்டும் வந்தது. வயிற்றுப்போக்குன்னு தலைப்பு இருந்துச்சு, அளவும் இருந்துச்சு. வேற என்ன வேணும்?”

“ஒரு லிட்டர் தண்ணி. ஆறு டீஸ்பூன் உப்பு. அரை டீஸ்பூன் சர்க்கரை.” அப்பா நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒப்பித்தார். “இதானே?”

“ஆமா.”

“மாறிப் போச்சு பாப்பா. சர்க்கரைதான் ஆறு, தலை தட்டி. உப்பு அரை. நீ கலக்கினதைக் குடிச்சிருந்தா, ஏற்கெனவே வத்திப்போன கொழந்தைக்கு...”

பாத்திரத்தில் மிச்சம் இருந்ததில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். கடல். நாக்கு சுருண்டுகொண்டது.

ஆறு டீஸ்பூன் உப்பா என்று கலக்கும்போதே கை ஒரு நொடி தயங்கியதுதான். ஆனால் அம்மா நோட்டு! அம்மா நோட்டுக்கு மேல்முறையீடு ஏது? தயங்கிய கையை நானே அதட்டி அடக்கினேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஏன் என்று புரிய, ஒரு முப்பது வருடம் பின்னால் போய்வர வேண்டும். உருண்டை என் இடுப்பிலேயே இருக்கட்டும். உடனே வந்துவிடலாம்.

*

அப்போது எங்களுடையது இரண்டே அறை வீடு. கீழே தையல் கடை. வாரத்தில் ஆறு நாளும் மிஷின் ஓடுகிற அதிர்வு தரை வழியாக ஏறி உள்ளங்காலைக் கூச வைக்கும். ஞாயிறு மட்டும் தரை சும்மா இருக்கும். அந்த அமைதி வந்ததும் அண்ணன் கத்துவான்: “கோர்ட் கூடுது!”

அப்பா ஒரு வாரப் பத்திரிகையில் அச்சுப் பிழை திருத்துகிற ப்ரூஃப் ரீடர். வேலை முடிந்த ப்ரூஃப் தாள்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. தையல்காரரிடம் கெட்டி நூல் வாங்கி, அம்மா அவற்றைத் தைத்து நோட்டாக்கினாள். பத்திரிகைகளில் வருகிற ஆரோக்கியக் குறிப்புகளைக் கத்தரித்து, மைதாப் பசை தடவி வெள்ளைப் பக்கத்தில் ஒட்டுவாள். அக்கம்பக்கத்தில் சொல்வதை எழுதியும் வைப்பாள். இருமலுக்கு என்ன செய்வது என்று படித்துவிட்டுத் தாளைத் திருப்பினால், பின்னால் துப்பறியும் தொடர்கதையின் பதினோராவது அத்தியாயத்தில் யாராவது கத்தியோடு கதவுக்குப் பின்னால் நிற்பார்கள்.

ஞாயிறு மதியம் அந்தக் குறிப்புகளுக்கெல்லாம் விசாரணை. துணிப்பெட்டி மேல் நீதிபதி அம்மா, கையில் குழம்புக் கரண்டி. அப்பாவின் கறுப்புக் குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு அரசுத் தரப்பு வக்கீல் அண்ணன். நான் குற்றவாளி தரப்பு. எனக்குக் குடை கிடையாது. அம்மாவின் பழைய கறுப்புச் சால்வைதான். தரையில் புரளும், தடுக்கி விழுவேன், அதற்கே பாதி வழக்குத் தோற்றுப்போகும்.

அப்பா டவாலி, கோர்ட் சேவகர். எழுந்து நின்று குறிப்பைப் படிப்பது மட்டும் அவர் வேலை.

“காய்ச்சலில் வாழைப்பழம் தின்றால் ஜன்னி காணும்,” என்று படிப்பார், ப்ரூஃப் படிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

கரண்டி பெட்டியில் ஒரு தட்டு. “யார் சொன்னது?”

“மாடி வீட்டு அக்கா,” என்பேன்.

“அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவங்க மாமியார் சொன்னாங்க.”

“மாமியாருக்கு?”

அண்ணன் குடையை நிமிர்த்துவான். “யுவர் ஆனர், அதுக்கு மேல இருக்கிற சாட்சி எல்லாரும் செத்துட்டாங்க!”

“ஜன்னி வந்தா?”

“இல்ல யுவர் ஆனர், வயசாகி!”

அம்மா சிரிப்பை அடக்கக் கரண்டியால் வாயை மூடிக்கொள்வாள். சிவப்புப் பென்சிலால் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. குற்றவாளி.

இன்னொரு நாள் ஒரு சத்து மாவு. குடிக்கிற குழந்தை கிடுகிடுவென்று வளரும் என்று ஒரு டாக்டரே எழுதியிருந்தார். அண்ணன் குள்ளம். வக்கீல் வேலையை மறந்து, “அம்மா, இது நிஜமா இருக்கட்டும்மா,” என்று குடையை மடக்கிவிட்டான். 

“ஒட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைப் பாரு,” என்றாள் அம்மா.

அப்பா துண்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் அதே மாவுக்கு அரைப் பக்க விளம்பரம். கொழுகொழு குழந்தை ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்தது. அண்ணனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. அவனை அணைத்துக்கொண்டே அம்மா பெருக்கல் குறி போட்டாள்.

கேள்விகள் நாலுதான். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? தப்பாக இருந்தால் என்ன ஆகும்?

நாலாவதுதான் அம்மாவுக்கு உசத்தி. ஜலதோஷத்துக்குக் கழுத்தில் துணி சுற்றச் சொன்ன குறிப்பை மட்டும் அவள் விட்டுவிட்டாள். அண்ணனுக்குச் சுற்றி, எனக்குச் சுற்றாமல் வைத்துப் பார்த்தாள். இரண்டு மூக்கும் ஒரே வெள்ளிக்கிழமை நின்றன. “பலன் இல்ல. ஆனா தப்பா இருந்தா என்ன ஆகும்? கழுத்து வேர்க்கும். போனாப் போகுது, விடுதலை,” என்றாள். அதே நாலாவது கேள்வியில், பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்ன ஏதோ ஒரு சொட்டு மருந்து வந்தபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். “இது நம்ம கோர்ட்டுக்கு மேல. நாளைக்கு டாக்டரையே கேட்டுட்டு வர்றேன். ஒத்திவைப்பு.” மறுநாள் நிஜமாகவே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள்.

விடுதலையானதற்கு ஒரு சிவப்பு டிக். குற்றவாளிக்குப் பெருக்கல் குறி. ஆனால் குற்றவாளிகளையும் அம்மா கிழித்துப் போட மாட்டாள். 

“ஏம்மா இதையெல்லாம் ஒட்டி வெச்சிருக்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கிழிச்சுப் போட்டா வேற சட்டை போட்டுட்டுத் திரும்பி வருவான்டி. போலீஸ் ஸ்டேஷன்ல திருடன் போட்டோ மாட்டியிருக்காங்கல்ல? அது மாதிரி, முகம் ஞாபகம் இருக்கட்டும்.”

இப்போது புரிகிறதா என் தப்பு? பாதி நோட்டு திருடர்கள் படம். டிக் இருக்கிறதா, பெருக்கல் குறி இருக்கிறதா என்று பார்க்காமல் அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கக் கூடாது. சால்வை தடுக்கி விழுந்த வயதிலேயே எனக்கு அது தெரியும். பதறியபோது ‘அம்மா நோட்டு’ என்பது மட்டும் நினைவிருந்தது. அம்மா அதில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது மறந்துபோனது.

நோட்டின் ஆரம்பப் பக்கங்களில் ‘டாக்டர் மாமா பதில்கள்’ என்று ஒரு பகுதியின் துண்டுகள் ஏழெட்டு இருக்கும். அப்பாவின் பத்திரிகையில் வந்ததுதான். முகம் இருக்காது, ஸ்டெதாஸ்கோப் படம் மட்டும். எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல் குறி. நாங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் அந்தப் பகுதி போய், அந்த இடத்தில் ஒரு லேடி டாக்டர், போட்டோவும் படிப்பும் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“பழைய டாக்டர் மாமா எங்கம்மா போனாரு?” என்றான் அண்ணன் ஒருநாள்.

“ரிடையர் ஆயிட்டாரு.”

“ஏன் போட்டோவே போடல?”

“ரொம்பக் கூச்ச சுபாவம்டா அவருக்கு,” என்றாள் அம்மா. அப்பா குறிப்பைப் படிக்காமல் தண்ணீர் குடிக்கப் போனார்.

படிப்பது எப்போதும் அப்பாதான். எனக்கு ஆசை. “நான் ஒரு தடவை படிக்கிறேம்மா,” என்று கெஞ்சுவேன். “அது அப்பா வேலை,” என்று முடித்துவிடுவாள். தொண்டை கட்டினாலும் அப்பாதான் கரகரத்துப் படிக்க வேண்டும். ஒருமுறை கண் ஆபரேஷன் ஆகி இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. அந்த ஞாயிறு அம்மா பெட்டியிலிருந்து இறங்கி வந்து, குறிப்பை ஒவ்வொரு வரியாக அவர் காதில் ஓத, அவர் அதைத் திருப்பி உரக்கச் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நேராக நின்று, வரி பிசகாமல் சொன்னார்.

அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. போன பிறகு வந்த முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணிக்குப் பக்கத்து அறையில் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். துணிப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, பேப்பரில் வந்த ஏதோ வைத்தியக் குறிப்பை அப்பா சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். பெட்டி காலியாக இருந்தது.

*

“கோர்ட்டைக் கூட்டு,” என்றார் அப்பா, தரையிலிருந்தபடியே. “சீக்கிரம். யாரு யாரு என்ன சொன்னாங்க?”

போனை எடுத்தேன். ‘நம்ம குடும்பம்’ குரூப்பில் முப்பத்தொரு செய்தி. அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பழைய டவாலியாக நின்று ஒவ்வொன்றாகப் படித்தார்.

முதலில் என் மாமியார். ‘வயித்தைக் காயப் போடு. ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. போகிறதுதான் வெளியே வருது. உன் வீட்டுக்காரனை நான் அப்படித்தான் வளர்த்தேன்.’

“அத்தைக்கு லாபம் எதுவும் இல்ல. பாசம்தான்,” என்றேன். “ஆனா தப்பா இருந்தா? ஏற்கெனவே தண்ணியெல்லாம் போயிட்டிருக்கு. அதையும் நிறுத்தினா காஞ்சு போயிடுவா. குற்றவாளி.”

“அத்தைகிட்ட இப்படிச் சொல்லாத.”

“சொல்வேனா? நெட்வொர்க் இல்லன்னு சொல்லிடறேன்.”

அடுத்தது ஃபார்வேர்டு மாமா. காலையில் பல் விளக்கும் முன் பத்து, பின் இருபது அனுப்புகிறவர். ‘கூல் டிரிங்கைக் கலக்கி காஸ் போக்கிக் கொடுக்கவும். வெளிநாட்டில் கண்டுபிடித்தது. பத்துப் பேருக்குப் பகிரவும்.’

“யார் சொன்னது?” என்றார் அப்பா.

“வெளிநாடு.”

“வெளிநாட்டுல யாரு?”

“அது வெளிநாட்டுக்கே தெரியாதுப்பா. அவ்வளவு சர்க்கரை போனா இன்னும்தான் பிச்சுக்கும். தள்ளுங்க.”

எதிர் ஃப்ளாட் டீச்சர் கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன ஆன்டிபயாட்டிக் பாட்டில். அவர் பெரிய பையனுக்கு வாங்கியதில் பாதி மிச்சம். பாவம், நல்ல மனுஷி. ஆனால் வேறொரு பிள்ளைக்கு, வேறொரு நோவுக்கு, வேறொரு எடைக்கு எழுதியது. பாட்டிலைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் படித்த அப்பா, அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார். ‘பல் முளைக்குது, எதுவும் பண்ண வேணாம்’ என்று ஒரு குரல் பதிவு. அதில் யார் பேசுகிறார்கள் என்பதே கடைசிவரை தெரியவில்லை.

“கடைசியா நீங்க,” என்றேன்.

“நானா?”

“சர்க்கரை ஆறு, உப்பு அரைன்னு சொன்னீங்களே. யார் சொன்னது? உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

“எப்படி?”

“தெரியும்மா.”

“அம்மா கோர்ட்ல இந்தப் பதில் செல்லாதுப்பா!”

“செல்லாதுதான்,” என்றார் அப்பா. குனிந்துகொண்டார். “அதனால என்னையும் நம்பாத. எந்த அளவையும் நாம கலக்க வேணாம். மருந்துக்கடை பாக்கெட்ல அளந்தே போட்டு வெச்சிருக்கான். மேல எவ்வளவு தண்ணின்னு அச்சடிச்சிருக்கும். அதை வாங்கு. டாக்டர்கிட்டப் போ.”

அந்த நேரம் பார்த்து உருண்டை அழ ஆரம்பித்தாள். வாய் கோணி, முகம் சிவந்து, வழக்கமான அழுகைதான்.

அப்பா அவள் முகத்தருகே குனிந்தார். கன்னத்தை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார்.

“பாப்பா, அழறா. கண்ணீர் வரல.”

டயப்பரைத் தொட்டேன். காலையில் மாற்றியது. சிறுநீரே போகவில்லை.

செருப்புப் போட்டேனா என்பது நினைவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன கிளினிக் ஒன்றுதான். ஆட்டோவில் ஏறும் முன் முனைக் கடையில் பாக்கெட் வாங்கியிருந்தேன். டியூட்டி டாக்டர் பெண். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு இவரைப் பிடித்துப்போயிருக்கும். குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். அது மடிப்புக் கலைய யோசித்து, மெதுவாகப் படுத்தது.

“என்ன குடுத்தீங்க?”

“எதுவும் குடுக்கல டாக்டர்.”

“உப்புத் தண்ணி, சோடா, மிச்ச மருந்து?”

“எதுவுமே இல்ல.”

“நல்லது,” என்றார். “பாதிப் பேர் குடுக்கக் கூடாததைக் குடுத்துட்டு வர்றாங்க. மீதிப் பேர் தண்ணியையே நிறுத்திட்டு வர்றாங்க. ஊசி ட்ரிப் எல்லாம் இப்ப வேணாம். இங்கேயே உட்காருங்க. நாலு மணி நேரம், ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு மறுபடி, இன்னும் மெதுவா. தாய்ப்பாலையும் நிறுத்தாதீங்க.”

நர்ஸ் ஒரு ஜாடியில் ஒரு லிட்டர் அளந்து என் கண்ணெதிரே பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினார். கொடுக்கும் முன் நானே ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தேன். லேசான உப்பு, லேசான இனிப்பு.

“கண்ணீரை விட உப்பா இருக்கக் கூடாது,” என்றார் அப்பா பக்கத்திலிருந்து.

“கரெக்டா சொல்றாரே தாத்தா!” என்றார் நர்ஸ். “யார் சொல்லிக் குடுத்தது?”

“என் வீட்டுக்காரி.”

ஒரு ஸ்பூன். ஒரு நிமிடம். இன்னொரு ஸ்பூன். சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் எனக்காகவே நொண்டியது. மூன்றாவது ஸ்பூனைத் துப்பினாள், இருபதாவதில் வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் காத்திருந்தோம். மறுபடி முதலிலிருந்து.

காத்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டேன்.

“அந்த ஆறு டீஸ்பூன் உங்களுக்கு எப்படிப்பா மனப்பாடம்?”

அப்பா ஜாடியை மூடி வைத்தார்.

“அந்தப் பக்கத்துக்கு ப்ரூஃப் பார்த்தவன் நான். இதழ் கட்டுக் கட்டி வண்டியேறுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க. நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். உனக்கு அப்ப ஒரு வயசு. இதே மாதிரி போயிட்டிருந்தது. உங்கம்மா இதழைப் பிரிச்சா, முதல்ல கண்ணுல பட்டது அந்தப் பக்கம்தான்.”

“கலக்கினாளா?”

“கலக்கினா. ஸ்பூன்ல எடுத்து உன் வாய்க்கிட்ட கொண்டுபோனா. என்ன தோணுச்சோ, கொழந்தைக்குக் குடுக்கிறது எப்படி இருக்குன்னு தானே ஒரு வாய் குடிச்சா. அப்படியே துப்பினா. என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு...” அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெறுங்காலோட அச்சகத்துக்கு ஓடினேன். கட்டெல்லாம் வாசல்ல அடுக்கியிருந்தது. ஆறு பேர் உட்கார்ந்து எல்லாக் கட்டையும் பிரிச்சு, சரியான அளவை ஒரு துண்டுத் தாள்ல அடிச்சு, ஒவ்வொரு பிரதியிலயும் அந்த வரி மேல ஒட்டினோம். அந்த வாரம் இதழ் ஒரு நாள் லேட்.”

“ஒண்ணு விடாமலா?”

“மத்தவங்க பிரதியையும் திருப்பி வாங்கி எண்ணிப் பார்த்தோம். ஒண்ணே ஒண்ணு கொறஞ்சது. அது எங்க வீட்டுல இருந்தது.”

அந்த ஒன்றைத்தான் அன்று காலை நான் கத்தி விட்டுப் பிரித்திருந்தேன்.

“பாவம்ப்பா நீங்க. யாரோ தப்பா எழுதினதுக்கு நீங்க வெறுங்காலோட ஓடியிருக்கீங்க. எழுதினது யாரு?”

“டாக்டர் மாமா.”

“அவரைக் கூப்பிட்டு யாரும் நாலு கேள்வி கேட்கலையா?”

அப்பா வாயைத் திறந்தார்.

“பத்து நிமிஷம் ஆச்சும்மா, ஆரம்பிங்க!” என்று நர்ஸ் உள்ளே வந்தார்.

ஸ்பூனை எடுத்தேன். அப்பா ஜாடியைத் திறந்து பிடித்தார்.

மூன்றரை மணிக்கு உருண்டை என் மடியை நனைத்தாள். நானும் நர்ஸும் கை தட்டினோம். வேறெந்த வீட்டிலும் அதற்குக் கை தட்டியிருக்க மாட்டார்கள். நாலு மணிக்கு நர்ஸின் பேட்ஜைப் பிடுங்கப் பார்த்து, அவர் தராததால் வீறிட்டு அழுதாள். கன்னத்தில் இரண்டு கோடு பளபளவென்று இறங்கின.

அப்பா குனிந்து ஒரு சொட்டை விரலில் எடுத்தார். சின்னப் பிள்ளை மாதிரி நாக்கில் வைத்துக்கொண்டார்.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் போன் செய்தான். எட்டு மணி நேரம் விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறான். நடந்ததைச் சொன்னதும் முதல் கேள்வியே இதுதான்: “டிக் இருந்துதாடி, இல்ல பெருக்கல் குறியா?”

“ரெண்டும் இல்லடா. அந்தப் பக்கம் பாதிதான் பிரிஞ்சிருக்கு. தீர்ப்பு கீழ் பாதியில இருக்கணும்.”

“அம்மா தீர்ப்பு எழுதாம விடவே மாட்டா. பிரிச்சுப் பாரு. கத்தி போடாத, கிழிஞ்சிடும். மைதாப் பசைதானே, ஆவி காட்டு.” கொஞ்சம் நிறுத்தினான். “ஏய், அந்தக் குடை இன்னும் இருக்கா?”

“கம்பி மட்டும் இருக்கு.”

“தூக்கிப் போட்டுடாத.”

கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். சமையலறை வாசலில் அப்பா. உருண்டை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மேடையில் நோட்டைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார்.

“பிரிக்கட்டுமாப்பா?”

“பிரி. நீங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்களா இருந்தீங்கன்னுதான் அவ மூடி வெச்சா. இப்பத்தான் பெரியவங்களாயிட்டீங்களே.” சொல்லிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போய்விட்டார். போகிற போக்கில் மேஜையிலிருந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துப் போனார். உள்ளே அதன் மேல் அச்சிட்டிருந்ததை அவர் மெல்லப் படிப்பது கேட்டது. ஏற்ற இறக்கம் இல்லாத அதே குரல்.

ஆவியில் காட்டினேன். முப்பத்தாறு வருடப் பசை. முதலில் முரண்டு பிடித்தது, பிறகு முனை தூக்கியது, பிறகு ஒரு பெருமூச்சுப் போல வழிவிட்டது.

துண்டுக்குக் கீழே அம்மாவின் சாய்ந்த கையெழுத்து. சிவப்புப் பென்சில். எங்கள் கோர்ட்டின் நாலு கேள்விகள், முதன்முதலாக அங்கேதான் எழுதப்பட்டிருந்தன.

யார் சொன்னது? டாக்டர் மாமா.

அவருக்கு எப்படித் தெரியும்? நிஜ டாக்டர் மாற்றலாகிப் போய் எட்டு வாரம் ஆயிற்று. அதிலிருந்து இவர்தான் நூலகத்தில் புத்தகம் பார்த்து எழுதுகிறார். புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது. எழுதியவரே ப்ரூஃபும் பார்த்தார். எழுத நினைத்தது கண்ணில் தெரிந்தது, எழுதியது தெரியவில்லை.

அவருக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. பக்கம் காலியாகப் போகக் கூடாது என்று செய்தது.

தப்பாக இருந்தால் என்ன ஆகும்? பாப்பா.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தாள். அதற்குக் கீழே:

குற்றவாளி, என் வீட்டுக்காரர். இனி ஆரோக்கியக் குறிப்பு எழுதக் கூடாது. உருப்படியான டாக்டராகப் பார்த்துப் பேரும் படமும் போட்டு எழுத வைக்க வேண்டும். தவிர, ஞாயிறுதோறும் பிள்ளைகள் எதிரில் நின்று, ஊர் சொல்கிற வைத்தியம் எல்லாவற்றையும் இவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும், நான் கேள்வி கேட்பேன். ஆயுள் தண்டனை.

பக்கத்தின் அடி ஓரத்தில், ப்ரூஃப் ரீடர்கள் வைத்திருக்கும் நீலப் பென்சிலால், அப்பாவின் சின்னச் சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி:

‘படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.’